நாய்க்கு நட்ட கல்

உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, "ஓகிடோகி என்பது யார்?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஏதோ சீமைப் பலகாரத்தின் பெயர் என்றுதானே உங்களுக்குத் தோன்றுகிறது? பலகாரமும் இல்லை, பல்பொடியும் இல்லை. அது ஒரு நாய். ஜப்பான்காரர்கள் செய்த வீடியோ விளையாட்டில் வருகிற நாய். உயரம் 1.8 மீட்டர், வாட்டசாட்டமான ஆண்பிள்ளையின் உயரம். எடை 92 கிலோ சொச்சம். கழுத்தில் விஷச் சங்கிலி ஒன்று. ஆரம்பத்தில் அது நோஞ்சான் நாயாகத்தான் இருந்ததாம். அந்தச் சங்கிலி கழுத்தில் ஏறியதும் பயில்வான் ஆகிவிட்டதாம்!

"இந்த வயதில் எங்களுக்கு எதற்கு ஐயா நாய் விளையாட்டு? பையன் புஸ்தகத்தை எடுக்க மாட்டேன் என்கிறான், அதற்கு வழி சொல்லும்" என்று நீங்கள் சலித்துக் கொள்வது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். இந்த நாயின் கதையில் நம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நமக்கும் ஒரு சமாசாரம் இருக்கிறது. அது ஜப்பானில் தொடங்கி, திருவண்ணாமலைச் சீமையில் ஒரு கல்லைத் தொட்டு, நெய்வேலிக்குப் பக்கத்திலுள்ள வளையமாதேவி வயல் வரப்பில் வந்து நிற்கிறது.

முதலில் விளையாட்டின் கதையைக் கேளுங்கள். 'போகிமான்' என்ற பெயரைத் தெரியாத வீடு இப்போது குறைவு. 1996 பிப்ரவரி 27-ஆம் தேதி ஜப்பானில் பிறந்த விளையாட்டு அது. விதவிதமான பிராணிகளைப் பிடித்துப் பழக்குவதுதான் ஆட்டம். இன்று அந்தப் பிராணிகளின் கணக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. 2022 நவம்பரில் 'ஸ்கார்லெட்', 'வயலெட்' என்று இரண்டு ஆட்டங்கள் வந்தன. அவற்றுக்கு அனுபந்தம் மாதிரி 2023 செப்டம்பர் 13-ல் இன்னொரு பகுதி வெளியாயிற்று. நம் ஓகிடோகி வருவது அதில்தான். விளையாட்டுக் கருவியை வாங்காத வீடுகளில்கூட, யாரோ ஆடுகிற ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்தே பிள்ளைகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

கிடகாமி என்று ஒரு மலையடிவாரத்துக் கிராமம். ஊரில் மூன்று இடங்களில் பலகை வைத்து, ஊர்க் கதையை எழுதியிருக்கிறார்கள். "முன்னொரு காலத்தில் மலையிலிருந்து ஓர் அரக்கி ஊருக்குள் வந்தாள். நாய், குரங்கு, பறவை ஆகிய மூன்று வீரர்கள் அவளை எதிர்த்து உயிரைக் கொடுத்து ஊரைக் காப்பாற்றினார்கள்" என்பது அந்தக் கதையின் சாரம். அந்த மூவருக்கும் சமாதி; 'விசுவாச மூவர்' என்று பட்டம். திருவிழா நாளில் எல்லோரும் முகமூடி அணிந்து கொண்டாடுகிறார்கள். நாய்தான் ஓகிடோகி.

உண்மை வேறு. வெளியூரிலிருந்து ஒரு மனிதனும் அந்த அரக்கியும் அங்கே பிழைக்க வந்தார்கள். வேற்று முகமாக இருந்ததால் ஊரார் அவர்களை ஒதுக்கினார்கள். முகமூடி செய்கிற தொழிலாளி ஒருவருக்கு மட்டும் மனம் இரங்கிற்று. "முகத்தை மறைத்துக்கொண்டாவது நீங்களும் திருவிழாவுக்கு வாருங்கள்" என்று நான்கு முகமூடிகள் செய்து கொடுத்தார். அவற்றின் அழகு வெளியே பரவியது. பரவியதும் திருட வந்தார்கள் மூன்று பேர். யார் தெரியுமோ? அதே நாய், குரங்கு, பறவை! அரக்கி இல்லாத சமயம் அந்த மனிதன் தனியாக எதிர்த்து நின்றான். அவள் திரும்பி வந்து பார்த்தால் அவனைக் காணோம். முகமூடிகளில் ஒன்றுதான் மிச்சம். துக்கமும் ஆத்திரமுமாக ஓடிவந்து அந்த மூவரையும் அடித்துச் சாய்த்தாள். ஊரார் கண்ணில் பட்டது அந்தக் கடைசிக் காட்சி மட்டுந்தான். "அடடா, நம்மைக் காக்க வந்த மூவரை அரக்கி கொன்றுவிட்டாளே!" என்று அழுது, திருடர்களுக்குச் சமாதி கட்டிவிட்டார்கள். முன்னே நடந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை.

உண்மை அந்த முகமூடித் தொழிலாளியின் குடும்பத்துக்குள்ளேயே வழிவழியாகத் தங்கிவிட்டது. அந்தக் குடும்பத்தில் இப்போது ஒரு தாத்தா, பேத்தி, பேரன். பேரனுக்கு அரக்கியின்மேல் கொள்ளைப் பிரியம். ஊரே பழிக்கும்போதும் "அவள் எவ்வளவு பலசாலி!" என்று அவளையே நினைத்துக் கொண்டிருப்பான். தாத்தா உண்மையைச் சொல்கிறார். ஆனால் அக்காவிடமும், வெளியூரிலிருந்து வந்த தோழரிடமும் மட்டும். "சின்னப் பிள்ளைதானே, இப்போது சொல்ல வேண்டாம்" என்று அவனிடம் மட்டும் மறைத்துவிடுகிறார்கள். அவன் கண்டுபிடித்துவிடுகிறான். அன்றைக்கு அவன் மனம் கசந்து போகிறதே, அதுதான் அந்தக் கதையின் உயிர்நாடி. தாய்மார்கள் இந்த இடத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். "குழந்தைக்குத் தெரிய வேண்டாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டு நாம் பேசுகிற பேச்சுக்கள் எத்தனை! கதவு சாத்தியிருப்பது குழந்தைக்குத் தெரியாதா என்ன?

முடிவு என்னவோ மங்களந்தான். ஊரார் உண்மை அறிந்து அரக்கியை வரவேற்கிறார்கள். ஆனால் சும்மா கேளிக்கைக்கு என்று செய்த விளையாட்டில் இப்படி ஒரு விஷயத்தை எங்கே பிடித்தார்கள் என்று ஆச்சரியமாக இல்லையா? அவர்கள் அதைத் தேடி எங்கும் போகவில்லை. தங்கள் பாட்டிமார் சொன்ன கதையையே எடுத்துத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

நமக்கு வடை சுட்ட பாட்டியும் காகமும் எப்படியோ, ஜப்பானியக் குழந்தைகளுக்கு மொமோதாரோ கதை அப்படி. மொமோ என்றால் பீச் பழம். பிள்ளையில்லாத ஒரு கிழவி ஆற்றில் துணி துவைத்துக் கொண்டிருக்கிறாள். பெரிய பீச் பழம் ஒன்று மிதந்து வருகிறது. அதற்குள்ளே ஓர் ஆண் குழந்தை! வளர்ந்து பெரியவனானதும், "அரக்கர் தீவுக்குப் போய் அரக்கர்களை ஜயித்து வருகிறேன்" என்று கிளம்புகிறான். கிழவி பனிவரகு மாவில் உருண்டை பிடித்து மூட்டை கட்டித் தருகிறாள். வழியில் ஒரு நாய், ஒரு குரங்கு, ஒரு காட்டுக்கோழி. ஆளுக்கு ஓர் உருண்டை வாங்கித் தின்றுவிட்டு மூன்றும் அவன் பின்னால் போகின்றன. அரக்கர்களை அடித்து, அவர்கள் பொக்கிஷத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். கதை முடிந்தது, கத்தரிக்காய் காய்த்தது.

நாமாக இருந்தால் "சரி, தூங்கு" என்று சொல்லிவிடுவோம். ஆனால் ஜப்பானிலேயே ஒரு தகப்பனார் அப்படி விடவில்லை. புகுசாவா யுகிச்சி என்பவர் அந்நாட்டின் பெரிய கல்விமான்; அவர்களுடைய பத்தாயிரம் யென் நோட்டில் நெடுங்காலம் அவர் படத்தைத்தான் அச்சடித்தார்கள். 1871-ல் தம் பிள்ளைகளுக்காக எழுதிய பாடங்களில் அவர் இந்தக் கதையைப் பிட்டுவைத்தார். பொக்கிஷம் அரக்கர்களுடையது, உடையவர்கள் இருக்க, அதை எடுத்துவர மொமோதாரோ போனான் என்றால் அவனும் திருடன்தானே என்பது அவர் கேள்வி. அரக்கன் கெட்டவன் என்றால் தண்டிக்கட்டும். பொருளை வீட்டுக்கு மூட்டை கட்டுவானேன் என்றார். எப்படி இருக்கிறது?

1924-ல் அகுதகாவா ரியுனோசுகே என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் இன்னும் ஒரு படி போனார். அவர் எழுதிய 'மொமோதாரோ'வில் அரக்கர் தீவு தென்னையும் பாட்டும் கூத்துமாக இருக்கிற அழகான இடம். அங்கே ஓர் அரக்கக் கிழவி பேரன் பேத்திகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "குறும்பு செய்தால் மனிதர்கள் இருக்கிற தீவில் கொண்டுபோய் விட்டுவிடுவேன்" என்று பயமுறுத்துகிறாள். நம் வீட்டில் "பூச்சாண்டி வருகிறான்" என்கிறோமே, அதே மாதிரி! அங்கே பூச்சாண்டி நாம்தான். இதில் நாய்க்கும் பெருமை இல்லை. ஒரு முழு உருண்டை கேட்டுப் பேரம் பேசி, கடைசியில் பாதி உருண்டைக்கு விலைபோகிறது அது.

எழுத்தாளர்கள் சும்மா விதண்டாவாதம் பேசினார்கள் என்று தள்ளிவிடாதீர்கள். பின்னால் நடந்ததைப் பாருங்கள். யுத்த காலத்தில் ஜப்பானியக் கடற்படை இந்தக் கதையைக் கையில் எடுத்துக்கொண்டது. 1943-ல் ஒரு சித்திரப் படம். அதில் மொமோதாரோ தளபதி, நாயும் குரங்கும் காட்டுக்கோழியும் சிப்பாய்கள், ஹவாய்தான் அரக்கர் தீவு. 1945-ல் இன்னொன்று, 74 நிமிஷம் ஓடுகிற முழுநீளச் சித்திரப் படம். அந்நாட்டில் முதன்முதலாக வந்த முழுநீளச் சித்திரப் படமே அதுதான். அதில் இங்கிலீஷ்காரர்கள் தலையில் கொம்போடு வருகிறார்கள். பாட்டி சொன்ன கதை எவ்வளவு சுலபமாகப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டது பாருங்கள்! எதிரி யார் என்று குழந்தைக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய சிரமமே இல்லை. கொம்பு ஒன்று வரைந்துவிட்டால் போதும்.

ஆனால் கதையைத் திருத்திக்கொள்ளவும் ஜப்பானியர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒகயாமா என்ற ஊர் மொமோதாரோவின் ஊர் என்று பெருமை கொண்டாடுவது. ரயிலடியில் நாய், குரங்கு, காட்டுக்கோழி சகிதம் அவன் சிலை இருக்கிறது. பனிவரகு உருண்டைதான் அந்த ஊர்ப் பிரசித்தப் பலகாரம். அங்கே அரக்கனுக்கும் ஒரு பெயர் உண்டு: உரா. இந்த உரா கொரியாவிலிருந்து வந்த ராஜகுமாரன் என்று அவ்வூர்ப் பழங்கதை சொல்கிறது. இரும்பு உருக்கும் வித்தையைக் கொண்டுவந்தவனே அவன்தான் என்றும் ஒரு கட்சி. ராஜாங்கத்துச் சேனாபதி வந்து அவன் தலையை வெட்டினானாம். வெட்டிய தலை வருஷக்கணக்கில் ஓலமிட்டதாம். கிபிட்சு கோயிலின் மடைப்பள்ளியில் ஒரு கொப்பரைக்கு அடியில் அந்தத் தலை புதைந்திருப்பதாக நம்பிக்கை. அந்தக் கொப்பரையில் நீரைக் கொதிக்க வைத்து அரிசியை இடும்போது அது எழுப்புகிற ஓசையைக் கேட்டு இன்றும் சகுனம் பார்க்கிறார்கள். அந்த அடுப்பைக் கவனிப்பது யார் தெரியுமா? உராவின் மனைவி பிறந்த ஊர் என்று சொல்லப்படும் அசோ கிராமத்துப் பெண்கள் என்பது சம்பிரதாயம். புருஷன் தோற்றுப் போனான். ஆனால் மனைவியின் ஊரார் அடுப்பை அணையவிடவில்லை.

1994-ல் ஒகயாமாவில் புதிதாக ஒரு திருவிழா தொடங்கினார்கள். பெயரே உராஜா. ஜனங்கள் முகத்தில் அரக்கச் சாயம் பூசிக்கொண்டு தெருவெல்லாம் ஆடுகிறார்கள். ஜயித்தவனுக்குச் சிலை வைத்த ஊர், தோற்றவனுக்குத் திருவிழாவும் வைத்துவிட்டது. சிலையை இடித்துவிட்டு அல்ல, சிலை இருக்கும்போதே. விளையாட்டில் வருகிற முகமூடித் திருவிழாவுக்கும், வெளியூரிலிருந்து வந்த அரக்கிக்கும் இதைவிட நெருங்கிய உறவு வேறு எங்கே கிடைக்கும்?

போகட்டும், நம் பக்கம் வருவோம். நாய்க்குக் கல் நட்டுக் கொண்டாடுவது ஜப்பான்காரர்களின் விளையாட்டில்தான் நடக்கும் என்று நினைத்தால் அது பெரிய பிசகு. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த நடுகல் ஒன்று மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் மாண்டான் கருந்தேவக்கத்தி என்ற வீரன். அவன் உருவத்தைக் கல்லில் செதுக்கி, பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கியதோடு விடவில்லை. நாயின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: கோவிவன். கள்ளரைக் கடித்துவிட்டு அங்கேயே காத்து நின்ற நாய் அது என்று கல் சொல்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னே வாழ்ந்த பெண்கள் எத்தனை லட்சம் பேரோ! அவர்களில் ஒரு கைப்பிடி ராணிகளின் பெயர்தான் நமக்குத் தெரியும். அந்தக் கருந்தேவக்கத்திக்குத் தாயார் இருந்திருப்பாள், பெண்டாட்டியும் இருந்திருக்கலாம். கல் அவர்களைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் நாயின் பெயர் நிற்கிறது! எனக்குக் கோவிவன்மேல் பொறாமை இல்லை, பாவம். நல்ல நாய். சொல்ல வந்தது என்னவென்றால், கல்லில் ஏறியதெல்லாம் மெய்யாகவே இருந்தாலும், அது முழுக் கதை அல்ல. கல் நடுகிறவர் நின்ற இடத்திலிருந்து என்ன தெரிந்ததோ அதுதான் கல்லில் ஏறும். ஓகிடோகியின் பலகை பொய் சொன்னது. கோவிவனின் கல் பொய் சொல்லவில்லை. ஆனாலும் பாதிதான் சொல்லிற்று.

இப்போது வளையமாதேவிக்கு வருகிறேன். கடலூர் மாவட்டம், புவனகிரி வட்டத்தில், சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்து ஊர். மேல் வளையமாதேவி, கீழ் வளையமாதேவி என்று இரண்டு. நெல் விளைகிற பூமி. நெய்வேலிச் சுரங்கத்துக்கு நெருங்கிய அண்டை வீடு.

நெய்வேலியின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1935-ல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பரில் கம்பெனி பதிவாயிற்று. 1957 மே மாதம் பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. நகரம் வட்டம் வட்டமாக எழுந்தது. மரமும் பூங்காவும் பள்ளிக்கூடமுமாக அழகான ஊர். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த எத்தனையோ வீடுகளில் பொத்தானை அமுக்கினால் வெளிச்சம் வந்ததற்கு அந்தக் கரியும் ஒரு காரணம். இது ஒரு கதை. மெய்யான கதை.

இன்னொரு கதையும் மெய்யானதுதான். கரி எடுக்க வேண்டுமானால் மேலே இருக்கிற மண்ணை அகற்ற வேண்டும். சக்கரத்தில் வாளிகள் கட்டிய பிரம்மாண்ட யந்திரம் அந்த மண்ணைச் சுரண்டி எடுக்கிறது. மண் என்றால் வெறும் மண்ணா? அதன்மேல் ஊர் இருக்கிறது, களம் இருக்கிறது, குளம் இருக்கிறது, காவல் தெய்வம் இருக்கிறது. கரிக்கு அடியிலோ பெரிய நீரூற்று. அதை இறைத்து வெளியேற்றிக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் பிழைக்கும். ஆரம்ப நாளிலேயே பல கிராமத்துக் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு இடம் பெயர்ந்தன. சுரங்கம் வளர வளர, பெயர்வதும் வளர்ந்தது.

2023 ஜூலை 26-ஆம் தேதி. இரண்டாம் சுரங்கத்தின் விஸ்தரிப்புக்காகப் பரவனாற்றை வேறு வழியில் திருப்புகிற கால்வாய் வேலை. மண் தோண்டும் யந்திரங்கள் போலீஸ் காவலோடு வளையமாதேவி வயலில் இறங்கின. வயலில் நெற்பயிர் பச்சையாக நின்றது. அந்தப் பயிரின் மேலேயே யந்திரங்கள் போயின. கம்பெனி தரப்பில் நியாயம் சொன்னார்கள்: நிலம் பல வருஷங்களுக்கு முன்பே வாங்கியது, இழப்பீடும் கொடுத்தாயிற்று, சாகுபடி செய்ய வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லியிருந்தோம், கால்வாய் இல்லாவிட்டால் மழைக் காலத்தில் சுரங்கத்துக்கு ஆபத்து, சுரங்கம் நின்றால் மின்சாரம் நிற்கும் என்றார்கள். விவசாயிகளும் நியாயம் சொன்னார்கள்: கொடுத்தது போதவில்லை; வேலை தருவதாகச் சொன்னது நிறைவேறவில்லை; இத்தனை வருஷம் பொறுத்தவர்கள் இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் கதிரை அறுத்திருப்போமே என்றார்கள். அறுவடை வரை காத்திருக்கலாகாதா என்று சென்னை உயர் நீதிமன்றத்திலும் கேள்வி எழுந்தது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி நீதிமன்றம் பிறகு உத்தரவிட்டது.

ஜூலை 26-லிருந்து சரியாக ஏழு வாரம் கழித்து, செப்டம்பர் 13-ல், ஓகிடோகியின் ஆட்டம் உலகமெங்கும் வெளியாயிற்று. இரண்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் நெய்வேலி நகரத்தில் ஒரு பிள்ளை அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, வளையமாதேவியில் யார் அரக்கன்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

நகரத்து வீட்டில் தகப்பனார் சுரங்கத்தில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறார். மண்ணும் கரியுமாகக் காலையில் வீடு திரும்புகிறார். அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுகிறது. அவரை அரக்கன் என்று சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? கிராமத்து வீட்டில் தாயார் நாற்று நட்டுக் களை பிடுங்கியவள். பயிர் போன அன்று பெற்ற பிள்ளை போனது போல வயிற்றில் அடித்துக்கொண்டவள். "வளர்ச்சிக்கு இடைஞ்சல்" என்று அவளை ஒரே வார்த்தையில் தள்ளிவிட எந்த மனுஷருக்கு நா எழும்பும்? அரக்கன் கதையில் ஒரு சௌகரியம் உண்டு: கொம்பு யாருக்கு என்று தெரிந்துவிட்டால் பிறகு யோசிக்க வேண்டாம். இங்கே கொம்பு யாருக்கும் பொருந்தவில்லை. ஆகையால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒகயாமா உராவை நினைத்துப் பாருங்கள். உலையையும் இரும்பையும் கொண்டுவந்த அந்நியன் அவன். ஒரு கதையில் அவன் ஊரை வதைத்தவன். இன்னொரு கதையில் ஊருக்குத் தொழில் கொடுத்தவன். எந்தக் கதை சரி என்று அந்த ஊர்க்காரர்கள் பஞ்சாயத்து வைக்கவில்லை. இரண்டு கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அதனால் இரும்பும் கெட்டுப் போகவில்லை, மொமோதாரோவின் சிலையும் விழுந்துவிடவில்லை.

நம்மிடத்திலும் இந்த வழக்கம் இல்லாமல் போகவில்லை. புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' படித்திருப்பீர்கள். கல்லாயிருந்து பெண்ணான அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தியை அவள் வாயாலேயே கேட்கிறாள். கேட்டவள் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். ராமாயணத்தை அவர் எரித்தாரா, கிழித்தாரா? ஒன்றும் இல்லை. அகலிகை பக்கத்தில் போய் நின்று ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். கல்லுக்கும் காது இருந்தது என்று நமக்குத் தெரிந்துவிட்டது.

"நான் கதாசிரியை இல்லையே, வீட்டில் இட்லிக்கு அரைக்கவே பொழுது சரியாக இருக்கிறது" என்பீர்கள். உண்மைதான். ஆனால் பிள்ளைக்கு முதல் கதை சொல்கிறவர் நீங்கள்தானே! பள்ளிக்கூட வாத்தியார் அப்புறம் வருகிறார். பத்திரிகைக்காரர்கள் நாங்கள் அதற்கும் அப்புறம். ஆகவே செலவில்லாத ஒரு காரியம் சொல்கிறேன், செய்து பாருங்கள். பிள்ளை கைப்பேசியில் ஆட்டம் பார்க்கும்போது வெடுக்கென்று பிடுங்காமல், பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். "இந்த நாய் நல்லதா, கெட்டதா?" என்று கேளுங்கள். பிள்ளை உற்சாகமாகச் சொல்லும். "அப்படியென்று யார் சொன்னார்கள்?" என்று அடுத்துக் கேளுங்கள். கொஞ்சம் திகைக்கும். "அந்த அரக்கியிடம் யாராவது கேட்டார்களா?" என்பது மூன்றாவது கேள்வி. இந்த மூன்று கேள்விகள் பழகிவிட்டால், நாளைக்கு வகுப்பில் சண்டை வந்தாலும் சரி, தெருவில் வம்பு வந்தாலும் சரி, ஓட்டுப் போடுகிற வயது வந்தாலும் சரி, அந்தப் பிள்ளையை யாரும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது.

பெரியவர்களாகிய நமக்கும் ஒரு வீட்டுப் பாடம் இருக்கிறது. நகரத்துச் சகோதரிகளே, உங்கள் வட்டத்தில் காய்கறிக்கூடை கொண்டுவருகிற அம்மாளுக்கு எந்த ஊர் என்று கேட்டிருக்கிறீர்களா? அவள் பிறந்த ஊர் இன்னும் பூமியின்மேல் இருக்கிறதா, சுரங்கத்துக்குள் போய்விட்டதா? கிராமத்துச் சகோதரிகளே, உங்கள் பிள்ளையோடு ஒரே பெஞ்சியில் உட்காருகிற கம்பெனிக்காரர் பெண்ணை ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிவந்து ஒரு வாய் சோறு போடுங்கள். பெரியவர்களின் வழக்கு நீதிமன்றத்தில் நடக்கட்டும், நடக்க வேண்டியதுதான். பிள்ளைகள் ஒருவர் தலையில் ஒருவர் கொம்பு வரையாமல் இருந்தால் போதும்.

இடம்பெயர்ந்த ஊர்களைப் பற்றி இன்னொரு வேலையும் இருக்கிறது. அந்த ஊர்களில் பிறந்து வளர்ந்த பாட்டிமார் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். எல்லைத் தெய்வத்தின் பெயர் என்ன, எந்த வாய்க்காலில் துணி துவைத்தார்கள், எந்தப் புளியமரத்தடியில் கல்யாணப் பேச்சு நடந்தது, காவலுக்கு நின்ற நாயின் பெயர் என்ன என்று அவர்களிடம் கேட்டு ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வையுங்கள். உங்கள் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எடுத்தனூர்க்காரர்கள் உளியை எடுத்துக்கொண்டு ஒரு நாயின் பெயரை ஆயிரத்து நானூறு வருஷம் நிற்க வைத்துவிட்டார்கள். நமக்குப் பேனா இருக்கிறது, காகிதம் இருக்கிறது. ஒரு கிராமத்தின் பெயரை நாற்பது வருஷமாவது நிற்க வைக்க மாட்டோமா?

எழுதும்போது பாட்டியின் பெயரையும் மறக்காமல் மேலே எழுதிவிடுங்கள். கோவிவனின் கல்லில் விட்டுப்போனது அதுதான்.